ஜுவேரியாவும் மூஞ்சூறுப் பல்லும்

ஜுவேரியா அதை முழுங்கிவிட்டாள் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டால், இன்றைக்கும் எங்கள் இடத்தில் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரியும். ராமானுஜம் சார்தான் சொன்னார். பெரிய படிப்பு படித்தவர், நல்லவர், எறும்பைக்கூட மிதிக்க மாட்டார். ஆனால் பதற்றம் வந்துவிட்டால் என்ன பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் நீரஜா, மயிலாப்பூர். பாங்கில் காலம் தள்ளிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். சார் ரிட்டையர் ஆன பிறகு அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து நடத்துகிற ஆராய்ச்சிக்கூடத்தில் பில், கூரியர், கரண்ட், தண்ணி லாரி எல்லாம் நான்தான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் லேசில் போகாது. அதனால் இந்தச் சமாச்சாரத்தை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நான் ஜுவேரியா கட்சி.

ஆராய்ச்சிக்கூடம் என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மூன்று ரூம், ஒரு மொட்டைமாடி. ஆந்திரா பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து சிமெண்டுச் சாக்கில் செம்மண் வரும். அந்தப் பாறையில் ஏதோ ஒரு யுகத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறது. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் மழைத்தண்ணீர் மேலே கிடந்த மண்ணையும், செத்துப்போன ஓணான், பல்லி, இன்னும் பேர் தெரியாத சில்லறைப் பிராணிகளின் எலும்பையும் அடித்துக்கொண்டு போய் அந்த வெடிப்புக்குள் அடைத்துவிட்டது. அது அப்படியே இறுகிக் கிடந்தது. குவாரிக்காரர்களுக்கு அந்த மண் குப்பை, சாருக்கு அதுதான் பிரசாதம். அதைப் பிளாஸ்டிக் டிரம்மில் ஊறப்போட்டு, சல்லடையில் அலசி, வெயிலில் காயவைத்து, கடைசியில் மிஞ்சுகிற மணலை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பரப்பி, ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க சார் மாடில ஊறுகாய் போடறாரா?" என்று கேட்டார்.

கிடைத்ததெல்லாம் ஊர்வன. ஓணான் தாடை, பல்லி முதுகெலும்பு, மறுபடியும் ஓணான் தாடை. சார் தேடியது வேறு. டைனோசர் காலில் நசுங்காமல், இருட்டில் பூச்சி பிடித்துத் தின்று பிழைத்த மூஞ்சூறு அளவுப் பிராணி ஒன்று, குட்டிக்குப் பால் கொடுக்கிற நம் வர்க்கத்தின் ஆதிக்காலத்து ஆசாமி, அந்த மண்ணில் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. ஓணான் பல் ஒற்றைக் குச்சியாக இருக்கும். இந்தப் பிராணியின் கடைவாய்ப் பல்லில் மேலே நாலைந்து முனை, கீழே இரண்டு வேர். ரவை அளவுதான். அப்படி ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், அவர் சொன்னது உண்மையாகிவிடும்.

இந்த வேலைக்குத்தான் ஜுவேரியா வந்தாள். எங்கள் மயிலாப்பூரிலேயே கச்சேரி ரோடுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா ஹபீபுர் ரஹ்மான் அங்கேயே சின்னக் கடை ஒன்றில் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர். ஒரு ஸ்குரூ கீழே விழுந்தால் கடையில் யாரும் கால் எடுத்து வைக்கக் கூடாது, விளக்குமாற்றைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து தரையில் கன்னத்தைப் பதித்துத் தேடி எடுப்பது இவள்தான். கல்யாணமான பிறகு தி.நகர் கடைகளுக்குக் கல்யாண ப்ளவுஸில் ஆரி வேலை, கல் ஒட்டும் வேலை செய்தாள். சாரிடம் ஆராய்ச்சி செய்யும் மாளவிகா தன் கல்யாண ப்ளவுஸை வாங்கப் போன இடத்தில், ஜுவேரியா பிரஷ் நுனியை நாக்கில் தொட்டு, கண்ணுக்கே தட்டுப்படாத ஒரு கல்லை ஒற்றி எடுத்து, துணியில் வைத்ததைப் பார்த்திருக்கிறாள். ப்ளவுஸைக் கடையிலேயே மறந்துவிட்டு இவளை எங்கள் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மைக்ரோஸ்கோப் பார்த்துப் பழக்கம் உண்டாம்மா?" என்று சார் கேட்டார்.

"இல்ல சார். ஆனா கண்ணு கீது" என்றாள்.

அடக்கம் என்ற பேச்சுக்கே அவளிடம் இடமில்லை. நல்லதாக ஒரு தாடை கிடைத்துவிட்டால், "மாமி, இங்க வாங்க. உங்க ஜுவேரியா இன்னா வேலை பண்ணிக்கீறா பாருங்க" என்று மூன்று ரூமுக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிடுவாள். போய்ப் பார்த்துப் பாராட்டாவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்தில் ஒரே ஒரு சண்டை, எச்சில் சண்டை. அந்த வேலை செய்பவர்கள் எல்லோருமே, சார் உட்பட, பிரஷ் நுனியை நாக்கில் தொட்டுத்தான் மணலை ஒற்றி எடுப்பார்கள். தண்ணீரில் தோய்த்தால் நுனி பருத்துவிடுமாம், எச்சில் தொட்டால்தான் ஊசி மாதிரி கூராக நிற்குமாம். எங்களாத்தில் எச்சில் கை பட்டுவிட்டால் டம்ளரையே அலம்பச் சொல்லி வளர்த்தவர்கள். பாங்கில் இருந்த காலத்திலேயே நான் நாக்கைத் தொட்டுத் தாள் புரட்டியவள் இல்லை. ஈரப் பஞ்சு வைத்த வட்ட டப்பா ஒன்று எப்போதும் மேஜையில் இருக்கும், அதைத்தான் தொட்டுக்கொள்வேன். இங்கேயும் கொண்டுவந்து வைத்திருந்தேன். "கோடி வருஷத்து மண்ணை நக்கிண்டு உக்காந்திருக்கேளே, அசிங்கமா இல்லையா?" என்று கேட்டேன். "மண்ணுல இருந்துதான மாமி நாம எல்லாம் வந்தோம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குமேல் என்ன சண்டை போடுவது?

அந்த வருஷம் ரமலான் பிறந்ததும் அவளே என் மேஜைக்கு வந்தாள்.

"மாமி, உங்க பஞ்சு டப்பாவ ஒரு மாசம் குடுங்க. நோம்பு முடிஞ்சதும் தந்துடறேன்."

"ஏன், உன் நாக்குக்கு என்ன ஆச்சு?"

"நோம்புல நாக்கு லீவு மாமி. எச்சிலோட ஒரு மண்ணு உள்ள போனாலும் நோம்பு போச்சு. எனக்கு அந்த வம்பே வாணாம்."

கொடுத்தேன். அந்த மாசம் முழுக்க நான் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி விரலை நனைத்துக்கொண்டேன். அவள் பஞ்சு டப்பாவை மைக்ரோஸ்கோப்புக்கு இடது பக்கம் வைத்துக்கொண்டு, பிரஷைப் பஞ்சில் ஒற்றுவது, மணலை எடுப்பது, நடுவில் குழி வெட்டிய சின்ன அட்டையில் வைப்பது என்று பழகிக்கொண்டாள். ஆனாலும் வருஷக்கணக்கான பழக்கம் லேசில் விடுமா? கை சில சமயம் தானாக வாய்ப் பக்கம் கிளம்பும். "அய்யே" என்று தன் கையைத் தானே திட்டிக்கொண்டு பஞ்சுப் பக்கம் திருப்புவாள்.

நோன்பின் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தப் பல் கிடைத்தது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. "சார், கொஞ்சம் வாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசியதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சார் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வேர்" என்றார். "நாலு முனை. ஜுவேரியா, ரெண்டு வேரும்மா."

பிறகு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சார் யார் யாருக்கோ போன் போட்டார். பூனாவிலிருந்து ஒரு நிபுணர் குழு அடுத்த மாதம் திங்கட்கிழமை ஒன்றில் வந்து நேரில் பார்ப்பதாகச் சொன்னது. மாளவிகா, ஜுவேரியா பல்லை எடுத்து அட்டைக் குழியில் வைப்பதைச் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். பாதியில் அவளுக்கு ஒரு போன் வந்து வீடியோ நின்றுவிட்டது. நோன்பு திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜுவேரியா குழிக்கு மேல் கண்ணாடியை மூடி, சாரிடம் கொடுத்துவிட்டு, புர்காவை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அதே வாரம் குவாரியில் அந்த வெடிப்பு இருந்த சுவரையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அவர்கள் தொழில் அது, யாரைக் குறை சொல்வது? இனிமேல் ஒரு சாக்கு மண்கூட வராது. சாருக்கு அதில்கூட வருத்தமில்லை. பல்தான் அலமாரியில் இருக்கிறதே.

பெருநாள் வந்து போனது. ஜுவேரியா பஞ்சு டப்பாவை என் மேஜையில் திருப்பி வைத்தாள், கூடவே ஒரு டப்பா சேமியா. மறுபடியும் நாக்கில் தொட்டு வேலை செய்ய ஆரம்பித்தாள். பூனாக்காரர்கள் வருகிற திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, நல்ல படம் எடுப்பதற்காக மாளவிகா அந்த அட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். குழியில் ஒரு செம்மணல் துணுக்கு இருந்தது. பல் இல்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், அலமாரியைத் துடைத்துப் பார்த்தார்கள். மாளவிகா அந்தப் பழைய வீடியோவைப் போட்டாள். அதில் ஜுவேரியாவின் பிரஷ் தட்டிலிருந்து மேலே எழும்புகிறது. நுனியில் புள்ளியாகப் பல் தெரிகிறது. கை நேராக வாய்ப் பக்கம் போகிறது. அங்கே வீடியோ நின்றுவிடுகிறது.

அப்போதுதான் சார் அதைச் சொன்னார். "முழுங்கிட்டியேம்மா."

ஜுவேரியா எழுந்து நின்றாள்.

"இன்னா சார் சொன்னீங்க?"

"தெரிஞ்சு பண்ணலேம்மா. பழக்க தோஷம். நாக்குல ஒட்டிண்டு உள்ள போயிருக்கும். எனக்கே ஆயிருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு எங்கே நிறுத்தத் தெரியும்? "இப்ப டாக்டர்கிட்ட போய் ஒரு எக்ஸ்ரே..." என்று இழுத்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "என்ன சார் பேசறேள்? காசு முழுங்கின குழந்தையா, வாழைப்பழம் குடுத்துட்டுக் காத்துண்டிருக்க? அப்படியே முழுங்கியிருந்தாலும் அது இந்நேரம் பெருங்குடி சாக்கடைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றேன். மாளவிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

ஜுவேரியா சிரிக்கவில்லை. நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"சார், வேலைய விட்டுப் போன்னு சொல்லுங்க, போறேன். பல்லத் தொலைச்சிட்டேன்னு திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா முழுங்கிட்டேன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு நான் நோம்பு. காலைல இருந்து ஒரு பொட்டுத் தண்ணி இல்லாம உக்காந்து தேடினேன். நான் முழுங்கினேன்னு சொன்னா என் நோம்பு முறிஞ்சிடுச்சின்னு சொல்றீங்க. அது தெரியாம நான் வீட்டுக்குப் போய் எல்லாரோடயும் உக்காந்து பேரீச்சம்பழம் வாயில வச்சேன்னு சொல்றீங்க. அது பொய் சார்."

"வீடியோல கை..." என்றாள் மாளவிகா தயங்கித் தயங்கி.

"கை போச்சு. வாய்க்குள்ள போகல."

"நிச்சயமாத் தெரியுமாக்கா?"

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது என்று நினைக்கிறேன். அத்தனை சந்தோஷக் கலவரத்தில் நடந்ததை ஒவ்வொன்றாக யாருக்கு ஞாபகம் இருக்கும்? முழுங்கவில்லை என்று அவளுக்கு நிச்சயம். ஆனால் பல் எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல முடியாத வரைக்கும் அவள் நோன்பு அந்த வீடியோவில் பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில் எனக்கு அப்படித்தான் வரும்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து, பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எங்கப்பா சொல்வாரு, வுழுந்த சாமானுக்குக் காலு கிடையாதுன்னு. இங்கதான் கீது. யாரும் பெருக்காதீங்க. மாமி, அன்னைக்கு என் டேபிள் மேல இருந்த சாமான் எல்லாம் எடுத்து வைங்க. மாளவிகா, அந்தத் தட்டு, அந்த அட்டை, அதே பிரஷ்."

வைத்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யோசிப்பவள் மாதிரி தெரியவில்லை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு சும்மா வேலை செய்ய ஆரம்பித்தாள். ஒரு மணலை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், வைத்தாள். "சார், அன்னைக்கி சொன்னாப்ல சொல்லுங்க" என்றாள் தலை நிமிராமல்.

சாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு வேரும்மா" என்றார்.

பிரஷ் மேலே எழும்பியது. வாய்ப் பக்கம் போனது. உதட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. "அய்யே" என்றாள். மணிக்கட்டு இடது பக்கம் திரும்பி, பிரஷ் நுனியைக் கீழே ஒற்றியது. அங்கே வெறும் மரப் பலகை. அவள் கையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் தன் கையை வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பல்லோட ஒத்திட்டேன்" என்றாள். "எடுத்தப்புறம் ஒத்திட்டேன். பிரஷுல அது இருக்குன்னு மறந்துபோய். அப்புறம் அட்டைல வச்சது வெறும் மண்ணு. நேரமாச்சின்னு திருப்பிப் பாக்காம மூடிட்டேன். மாமி, டப்பா."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை யார் கதை? என் கதைதான். பஞ்சு டப்பா என் மேஜையில் இருந்தது. தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் விடுவது நான். அன்று காலையில்கூட அதைத் தொட்டுத் தொட்டுக் கூரியர் ரசீதுகளைப் புரட்டியிருந்தேன். டைனோசர் காலத்துப் பல்லின் மேல் விரலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"மாமி, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அந்த விரல எப்பவாச்சும் வாயில வச்சீங்களா?"

"எங்களாத்துல அந்தப் பழக்கமே கிடையாது" என்றேன்.

"ஸ்ஸப்பா" என்று மூச்சுவிட்டாள். என்னுடைய எச்சில் பத்து ஆசாரத்தை அன்றைக்குத்தான் அவள் முதல்தடவையாக மதித்தாள்.

டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். டப்பாத் தண்ணீரைச் சல்லடையில் வடித்தாள், ஒன்றும் இல்லை. பஞ்சைப் பிளேடால் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு அலசினாள். சார் பக்கத்து ரூமுக்குப் போய்விட்டார். நடக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாளவிகா நகத்தைக் கடித்தாள். நான் கபாலீஸ்வரருக்கு நூற்றெட்டு தீபம் வேண்டிக்கொண்டேன், முழுங்கவில்லை என்று நிரூபிக்க வேண்டுதல் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பஞ்சில் பாதிக்குமேல் அறுத்தாகிவிட்டது. ஒரு துண்டை அலசித் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தவள், அப்படியே இருந்தாள்.

"சார்" என்று கூப்பிட்டாள். இந்தத் தடவை மூன்று ரூமுக்கும் கேட்டது.

சார் வந்து குனிந்தார். இரண்டு வேரும் முழுசாக இருந்தன. அவர் நிமிர்ந்தார். கையைக் கூப்பினார். அவ்வளவு பெரிய மனிதர் கையைக் கூப்பியதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"கை எல்லாம் எதுக்கு சார்? தொலைச்சது நாந்தான். அது என் தப்பு, ஒத்துக்கிறேன்" என்றாள். "நோம்பு மட்டும் தொலையல. மாளவிகா, போன எடு. போன் வந்தா கட் பண்ணு. இந்தத் தபா முழுசா எடு."

மாளவிகா போனைப் பிடித்தாள். பல் இன்னும் தட்டில்தான் இருந்தது, அட்டைக் குழிக்கு மாற்ற வேண்டும். நான் வேறு பஞ்சு தேட எழுந்தேன். "உக்காருங்க மாமி" என்றாள். பிரஷை எடுத்து, எல்லோரும் பார்க்க, நாக்கை நீட்டி, நுனியைத் தொட்டு, கூராக்கினாள். சார் பதறி ஓரடி முன்னால் வந்துவிட்டார். குனிந்து பல்லை ஒற்றி எடுத்தாள், குழியில் வைத்தாள், மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தாள், எங்களையும் ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தாள். கண்ணாடியை மூடினாள். பிறகு போனுக்கு நேராகத் திரும்பி, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காட்டினாள்.

திங்கட்கிழமை வந்த பூனாக்காரர்கள் பல்லைப் பார்த்துவிட்டு அந்த வீடியோவையும் பார்த்தார்கள். பல் சார் சொன்ன வர்க்கம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். கிளம்பும்போது அவர்களில் ஒருத்தர், கடைசியில் இந்த அம்மா ஏன் வாயைத் திறந்து காட்டுகிறார் என்று கேட்டார். ராமானுஜம் சார் அவரை உட்காரச் சொல்லி, முழுங்கிவிட்டாள் என்று தான் சொன்னதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். ஜுவேரியா பக்கத்தில் நின்று, அவர் எதையாவது விடுகிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.